சொன்னவர் யார்?
மாணவர் வரலாற்றாய்வும் சான்று காட்டும் முறையும்

வரலாறு எழுதப் புகும் மாணவன், 'என்ன நடந்தது?' என்று கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. 'சொன்னவர் யார்?' என்பதே அவ்வினா. சொன்னவர் கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா, எப்பொழுது சொன்னார், எவருக்குச் சொன்னார் என்பனவெல்லாம் அதன் கிளை வினாக்கள். இவற்றிற்குரிய விடையைப் படிப்பவர் அறியுமாறு எழுதி வைப்பதே சான்று காட்டுதல் எனப்படும். அடிக்குறிப்பு என்பது கட்டுரைக்கு அணியன்று. அதுவே கட்டுரையின் வேர்.

இவ்வொழுக்கம் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தது என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று. தொல்காப்பியர் முன்னோர் கருத்தைக் கூறுமிடங்களில் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்துச் செல்கிறார். இது நான் கண்டதன்று, எனக்கு முன் இருந்தோர் கூறியது என்னும் நேர்மை அச்சிறு சொற்களில் அடங்கியுள்ளது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டாமல் மேற்செல்வதில்லை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், ஏட்டுச் சுவடி உதவியோரின் பெயரையும் ஊரையும் நன்றியோடு பதிவு செய்தார். ஆகவே, சான்று காட்டுதல் நம் வீட்டு வழக்கமே. அதனை நம் பிள்ளைகளுக்குச் சரியாகக் கற்பிக்கின்றோமா என்பதுதான் ஈண்டு ஆராயத் தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவர், தாம் எழுதிய ஆய்வேட்டின் கைப்படியைப் பார்வையிடுமாறு என்னிடம் கொணர்ந்தார். சயாம் மரண இரயில்பாதைக்குச் சென்ற மலாயாத் தோட்டத் தமிழரைப் பற்றியது அது. பக்கந்தோறும் அடிக்குறிப்புகள் இருந்தன. பெரும்பாலானவை ஓர் ஆங்கில நூலையே சுட்டின. இடையில் ஒரு பக்கத்தில், மூன்று வரிகள் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. உற்றுப் பார்த்தேன். தம் பாட்டியின் தந்தையார் தோட்டத்திலிருந்து சயாமுக்குச் சென்று திரும்பவில்லை என்னும் செய்தி அதில் இருந்தது.

"இதனை ஏனம்மா அடித்துவிட்டாய்?" என்று கேட்டேன்.

"பாட்டி சொன்னதைச் சான்றாகக் காட்டக் கூடாது, அச்சில் வந்ததைத்தான் காட்ட வேண்டும் என்றார்கள், ஐயா."

"சரி, இந்த ஆங்கில நூலை எங்கே படித்தாய்?"

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "படிக்கவில்லை, ஐயா. வேறொரு கட்டுரையின் அடிக்குறிப்பில் அந்தப் பெயர் இருந்தது, எடுத்துக்கொண்டேன்" என்றார்.

அம்மாணவியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கற்பித்தோரின் குறை அது. அவர்களுள் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் அடங்குவர். ஆயினும் அந்த ஒரு கைப்படியில் இரண்டு பிழைகள் எதிரெதிரே நின்றன. தாம் நேரே கேட்டதை மறைத்துவிட்டார். தாம் காணாததைக் கண்டதுபோல் எழுதிவிட்டார். இவ்விரண்டு பிழைகளையும் நீக்குவதே சான்று காட்டும் கலையின் முதற்பாடமும் முடிந்த பாடமும் ஆகும். அவர் எடுத்துக்கொண்ட பொருளையே வைத்து இதனை விளக்கலாம்.

நிகழ்ச்சியும் அதன் சான்றுகளும்

இரண்டாம் உலகப் போரில் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய ஜப்பானியப் படை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதையை அமைத்தது. 1942ஆம் ஆண்டு தொடங்கிய வேலை, 1943ஆம் ஆண்டு அக்டோபரில் இரு முனைத் தண்டவாளங்களும் இணைந்ததோடு நிறைவுற்றது. போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களினும் பன்மடங்கு மிகுதியான ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பகுதியினர் இரப்பர்த் தோட்டத் தமிழர்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது என வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நம் தோட்டத்து மக்களுக்கு அத்தகைய பெயர் வரிசை இல்லை. வாந்திபேதியால் மடிந்தோர் காட்டிலேயே எரிக்கவும் புதைக்கவும் பட்டனர். படைவீரனுக்குப் படைப்பதிவேடு இருந்தது. பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு வரி இருந்தது. அதுவும் பல இடங்களில் அழிந்தது. எனவே, இப்பொருளை ஆராயும் மாணவனுக்கு ஒரே வகைச் சான்று போதாது. நூல், அரசு ஆவணம், மக்கள்தொகைக் கணக்கு, செய்தித்தாள், கல்வெட்டு, நிழற்படம், கதை, வாய்மொழி என அனைத்தையும் அவன் நாட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் பேசும். ஆதலின் ஒவ்வொன்றையும் காட்டும் முறையும் வேறுபடும்.

கண்ட நூலும் காணாத நூலும்

அச்சு நூலுக்கு ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறிப்பது யாவரும் அறிந்ததே. பதிப்பு எண்ணையும் மறக்கலாகாது. பதிப்பு மாறினால் பக்கமும் மாறும், சில வேளை கருத்தும் மாறும்.

இதனினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. மாணவன் தன் கையில் எடுத்துப் படித்த நூலையே காட்ட வேண்டும். 'அ' என்பவரின் கூற்றை 'ஆ' என்பவரின் நூலில் படித்திருந்தால், 'அ கூறியது, ஆவின் நூலில் எடுத்தாளப்பட்டவாறு' என்று குறிப்பதே முறை. அதனால் கட்டுரையின் மதிப்புக் குறையாது. எழுதியவனின் நாணயம் விளங்கும்.

இதனைப் புறக்கணித்தால் விளையும் தீங்கிற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். 'பட்டினப்பாலை கடாரத்தைக் குறிப்பிடுகிறது' என்று நம் மாணவர் பலர் எழுதுகின்றனர். கடாரம் இன்றைய கெடா மாநிலம் என்பதால் நமக்கு அதில் பெருமிதம். ஆனால், பட்டினப்பாலையில் உள்ள சொல் 'காழகம்' என்பதே. அது கடாரம் என்று பொருள் கூறியவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். மூலத்திற்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலம் உள்ளது. உரை சரியாகவே இருக்கலாம். ஆயினும், மூலத்தின் கூற்று வேறு, உரையின் கூற்று வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டினால் எவரும் நம்மை மறுக்க இயலாது. கலந்து எழுதினால், மூலத்தைத் திறந்து பார்த்த ஒருவர் ஒரே சொல்லில் நம் கட்டுரையைக் கவிழ்த்துவிடுவார்.

ஆவணமும் எண்ணும்

அரசு ஆவணத்திற்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் இராது. ஆதலின், அதனை வெளியிட்ட துறை, கோப்பு எண், நாள், அது பேணப்படும் காப்பகம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கோப்பு எண் இல்லாத ஆவணக் குறிப்பு, வீட்டு எண் இல்லாத முகவரி போன்றது. தெருவரை சென்று திரும்ப வேண்டியதுதான்.

ஜப்பானியர் ஆட்சிக்கால ஆவணங்களைக் கையாளும்போது கூடுதல் விழிப்புத் தேவை. அவற்றில் 2602 என்றும் 2603 என்றும் ஆண்டுகள் காணப்படும். அவை ஜப்பானியப் பேரரசின் ஆண்டுமுறை. முறையே 1942, 1943 ஆகும். சிங்கப்பூர் அக்காலத்தில் 'சியோனான்' எனப் பெயர் மாற்றப்பட்டிருந்தது. சான்றில் உள்ளவாறே ஆண்டையும் ஊரையும் எழுதி, இன்றைய வழக்கை அருகில் தருவதே நன்று. மூலத்தைத் திருத்திவிட்டு அதனையே மூலமெனக் காட்டுதல் ஆகாது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சயாமுக்குச் சென்ற மலாயாத் தொழிலாளர் எத்தனை பேர்? போருக்குப் பிந்திய நேச நாட்டுக் கணக்குகளைத் தழுவிய நூல்கள் 70,000க்கும் 80,000க்கும் இடைப்பட்ட தொகையைக் கூறுகின்றன. நம் மேடைகளில் ஓர் இலட்சத்திற்கு மேல் என்ற பேச்சும் உண்டு. பதிவேட்டில் ஏறியவர், பதிவின்றிப் பிடித்துச் செல்லப்பட்டவர், இடையில் தப்பியோடியவர் என்னும் பிரிவுகளை எவ்வாறு எண்ணினர் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆகவே 'இத்தனை பேர்' என்று மட்டும் எழுதாமல், 'இன்னாருடைய கணக்கின்படி இத்தனை பேர்' என்று எழுதப் பழக்க வேண்டும். பெரிய எண்ணைச் சொன்னால் துயரம் பெரிதாகும் என்று எண்ணுதல் தவறு. ஆதாரமற்ற எண், ஆதாரமுள்ள துயரத்தையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.

மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரையும் சேர்த்து, மலாயாவில் 1931ஆம் ஆண்டு இந்தியர் 620,000க்கு மேல் இருந்தனர். 1947ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை ஏறத்தாழ 600,000 ஆகக் குறைந்தது. போர் மூண்டதால் இடையில் 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. இக்குறைவு முழுவதும் சயாமில் மாண்டவர் தொகையே என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அது பொருந்தாது. 1930களின் தொடக்கத்தில், இரப்பர் விலை வீழ்ச்சியால் பெருந்தொகையினர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. பிறப்பும் இறப்பும் வேறு உள. கணக்கெடுப்பு ஒரு நாளின் தொகையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சான்று சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றிக் கூறுவதும் பொய்ச்சான்றே.

செய்தித்தாள்

செய்தித்தாளுக்கு இதழின் பெயர், வெளியான ஊர், நாள், பக்கம் ஆகியன வேண்டும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியன நம் சமூக வரலாற்றுக்குப் பெருங்களஞ்சியங்கள். 'தமிழ் முரசி'ன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் இன்று காணலாம். அவ்வாறு கணினியில் கண்டால் தொகுப்பின் பெயரையும் பார்த்த நாளையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

செய்தி நிகழ்ந்தபோதே எழுதப்பட்டதா, பல்லாண்டுக்குப் பின் நினைவுகூர்ந்து எழுதப்பட்டதா என்பதையும் மாணவன் தெளிவாக்க வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் வந்த இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. அவற்றில் சயாமின் கொடுமை காணப்படாமை, கொடுமை நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. எழுத விடப்படவில்லை என்பதற்கே சான்றாகும்.

கல்லும் படமும் கதையும்

காஞ்சனபுரியில் ஜப்பானியரே 1944ஆம் ஆண்டு எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. அங்குப் பல மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ள வாசகங்களுள் தமிழும் உண்டு. இத்தகைய கல்லைச் சான்றாகக் காட்டும்போது வாசகம் மட்டும் போதாது. எங்குள்ளது, எப்பொழுது நிறுவப்பட்டது, நிறுவியவர் யார், மாணவன் நேரிற் கண்டானா அல்லது படத்தில் கண்டானா என்பனவும் வேண்டும். இறந்தோரின் உறவினர் நாட்டிய கல் ஒன்று. வேலை வாங்கியோர் நாட்டிய கல் மற்றொன்று. இரண்டும் இரங்கல் கூறலாம். ஆனால், இரண்டும் ஒரே சாட்சியல்ல.

நிழற்படத்திற்கும் இவ்விதி பொருந்தும். எடுத்தவர், நாள், இடம், படம் உள்ள காப்பகம், அதன் எண் ஆகியவற்றை அறிந்தவரையில் தர வேண்டும். தெரியாதவற்றைத் 'தெரியவில்லை' என்று எழுதுவதே அறிவுடைமை. போர்க்கைதிகளின் படத்தைப் போட்டு, 'சயாமில் தமிழர்' என்று அடியில் எழுதும் வழக்கத்தை நாம் அறவே விலக்க வேண்டும்.

நாவலும் திரைப்படமும் வரலாற்றுச் சான்றாகுமா? ஆகும், ஆனால், எதற்குச் சான்று என்பதை அறிந்து காட்ட வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல். தலைப்பைக் கண்டு வரலாற்று நூலென மயங்கி, அதில் வரும் மாந்தரின் உரையாடலை மெய்யான வாக்குமூலமாக மாணவர் எடுத்தாளலாகாது. நம் சமூகம் அத்துயரை எவ்வாறு நினைவில் வைத்துள்ளது என்பதற்கு அது நல்ல சான்று. அவ்வாறே, பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவி, 1957ஆம் ஆண்டு குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. உலகம் இவ்விரயில்பாதையைப் பெரிதும் அப்படத்தின் வழியே அறிந்தது. படப்பிடிப்பு நடந்தது சயாமில் அன்று, இலங்கையில். நாவலாசிரியரோ மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். ஆயினும் கதையின் நடுவில் நிற்போர் போர்க்கைதிகளும் அவர்தம் அதிகாரிகளுமே. தோட்டத்து மக்கள் அல்லர். ஒரு சான்றில் யார் பேசுகிறார் என்பதோடு, யார் பேசாதிருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

பாட்டி சொன்னது

இனி, அடிக்கப்பட்ட அந்த மூன்று வரிகளுக்கு வருவோம். வாய்மொழியும் சான்றே. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு வாய்மொழி வரலாற்றுக்கென அரசே தனிப் பிரிவை அமைத்து, ஜப்பானியர் ஆட்சிக்கால நினைவுகளையும் ஒலிநாடாவில் பதிந்து காத்தது. அப்பதிவுகளுக்கு எண் உண்டு. சுருள் எண் உண்டு. ஒரு நூலின் பக்கத்தைக் காட்டுவதுபோல் அவற்றைத் துல்லியமாகக் காட்டலாம்.

வீட்டில் எடுத்த நேர்காணலையும் அவ்வாறே ஒழுங்கு செய்யலாம். சொன்னவர் பெயர், பிறந்த ஆண்டு, அக்காலத்தில் வாழ்ந்த தோட்டம், சொன்ன நாள், இடம், கேட்டவர் பெயர், பதிவு எவரிடம் உள்ளது ஆகியவற்றைக் குறித்தால் அது முறையான சான்றாகிவிடும். சொன்னவரின் இசைவையும் பெறுதல் வேண்டும். பெயரை வெளியிட விரும்பாதவரின் விருப்பத்தை மதித்தல் வேண்டும்.

அம்மாணவியிடம் ஒன்று கூறினேன். "பாட்டி சொன்னவற்றை மூன்றாகப் பிரித்து எழுதிவா. அவர் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, பின்னர்த் தாமாகக் கருதியது எது என்று அவரிடமே கேள்."

இரு வாரம் கழித்து வந்தார். பாட்டிக்கு அப்பொழுது ஏழு வயது. தந்தையார் விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்றதையும், மறுநாள் லாரியில் ஏறியதையும், மூன்று மாதத்தில் வருவேன் என்று சொன்னதையும் கண்டார், கேட்டார். சயாமில் வாந்திபேதியால் இறந்தார் என்பது, திரும்பி வந்த ஒருவர் தாயாரிடம் சொல்லக் கேட்டது. தோட்டத்திலிருந்து போனவர் நூறு பேர் என்பது, ஊரார் பேச்சைக் கொண்டு கருதியது. மூன்றும் ஆய்வேட்டில் இடம்பெற்றன. மூன்றும் மூன்று விதமாகக் குறிக்கப்பட்டன. 'நூறு பேர்' என்பதன் அருகே, 'உறுதி செய்ய ஆவணம் கிடைக்கவில்லை' என்று மாணவியே எழுதினார். காணாத ஆங்கில நூலின் அடிக்குறிப்புகளுக்குப் பதிலாக, உண்மையில் படித்த கட்டுரையின் பெயர் வந்தது. அடிக்குறிப்புகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆய்வேட்டின் வலிமை கூடியது.

ஆசிரியர் கடமை

ஆசிரியத் தோழர்களே, சான்று காட்டும் முறையை நாம் பெரும்பாலும் புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்பதாகவே கற்பித்து வருகிறோம். அந்த ஒழுங்கு வேண்டும். நிறுவனத்திற்கு நிறுவனம் அது மாறுபடலாம். மாணவன் தனக்கு விதிக்கப்பட்டதைப் பின்பற்றட்டும். ஆனால், புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் முன்னே இருப்பது நேர்மை. 'எதைக் கண்டேன், எதைக் கேட்டேன், எவர் வழியாக அறிந்தேன்' என்று மறைக்காமல் கூறும் நேர்மையைத் தொடக்கப்பள்ளியிலேயே தொடங்கலாம். ஆறாம் ஆண்டு மாணவன் தன் பள்ளியின் வரலாற்றை அரைப்பக்கம் எழுதட்டும். அதன் அடியில், 'இதனை எனக்குச் சொன்னவர்' என்று ஒரு பெயரை எழுதட்டும். அதுவே அவனது முதல் அடிக்குறிப்பு.

நம் மக்களின் வரலாறு பெரும்பாலும் தாளில் இல்லை. முதியோரின் நினைவில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, செக்ரோல்கள் கறையானுக்கு இரையாயின. சயாம் சென்றோரை நேரிற் கண்ட கண்கள் இன்று மிகச் சிலவே. அவர்கள் சொல்வதை முறையாகக் குறித்து வைக்காவிடில், நாளை நாம் கூறுவதைக் கதை என்பர். அளவு மீறிக் கூறினாலும் கதை என்றே தள்ளுவர்.

அந்த மாணவியின் ஆய்வேடு இப்பொழுது ஒரு நூலகத்தில் உள்ளது. அதில் பாட்டியின் தந்தையார் பெயர் ஓரிடத்தில் வருகிறது; அதன் அடிக்குறிப்பில் பாட்டியின் பெயரும், சொன்ன நாளும் இருக்கின்றன. கல்லறை இல்லாத அம்மனிதரின் பெயர், அவர் குடும்பத்தார் அறிந்தவரையில், வேறெந்த ஏட்டிலும் இல்லை.